இரண்டு எழுத்து; 85 லட்சம் டாலர்!

இரண்டே இரண்டு எழுத்து. விலை 85 லட்சம் டாலர்!

இது கதை அல்ல. 2010ஆம் ஆண்டில் நடந்த வியாபாரம்.

அமெரிக்காவில் விவசாயிகளின் பெரிய சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் "அமெரிக்கன் பார்ம் பீரோ பெடரேஷன்." பார்ம் பீரோ என்பதன் முதல் எழுத்துக்கள் எப்., பி. ஆகவே "எப்.பி. டாட் காம்" என்ற இணையப் பெயரை அந்தச் சங்கம் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தது.

பிறகு பேஸ்புக் கம்பெனி பிறந்தது, வளர்ந்தது. அதற்கும் சுருக்கப் பெயர் எப்.பி. தான்! அந்தப் பெயர் தங்களுக்கு வேண்டும் என்று பேஸ்புக் கம்பெனியார் வந்தார்கள். விலை பேசினார்கள். 85 லட்சம் டாலர் கைமாறியது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதே சங்கம் "எப்.பி. டாட் ஆர்க்" என்ற பெயரையும் வைத்திருந்தது. அது விலை போகவில்லை. சங்கம் அந்தப் பெயரிலேயே தன் வேலையைப் பார்த்து வருகிறது. எழுத்து இரண்டும் ஒன்றுதான். புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் வேறு. ஒன்றுக்கு 85 லட்சம் டாலர். மற்றது வீட்டோடு இருக்கிறது!

இப்படிப்பட்ட செய்தியைப் படித்ததும் பலருக்கு ஆசை வருகிறது. "நாலு சின்னப் பெயரைப் பதிவு செய்து வைப்போம். நாளைக்கு நமக்கும் கோடி கிடைக்கும்" என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அப்பா சேர்த்து வைத்த பணத்தை இதில் போடலாமா என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் கணக்குத் தெரிந்து இறங்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

பெயர் எப்படி வந்தது?

இணையத்தில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு எண்தான் முகவரி. நீளமான அந்த எண்களை மனிதர்கள் நினைவில் வைக்க முடியுமா? முடியாது. அதனால் எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கும் முறையை 1983ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் என்ற அமெரிக்க நிபுணர் வகுத்தார்.

இந்தப் பெயருக்கு இரண்டு பகுதி. புள்ளிக்கு முன்னால் வருவது தலை. புள்ளிக்குப் பின்னால் வருவது வால். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், டாட் இன் எல்லாம் வால்கள்.

முதல் டாட் காம் பெயர் "சிம்பாலிக்ஸ்." 1985 மார்ச் 15ந் தேதி அது பதிவாயிற்று. அந்தக் காலத்தில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது! 1995 செப்டம்பரில்தான் கட்டணம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வைத்தார்கள்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. பெயரைப் பதிவு செய்தவர் நிலத்தைக் கிரயம் வாங்கியவர் அல்ல, குத்தகைக்கு எடுத்தவர். குத்தகைப் பணத்தைக் காலத்தில் கட்டி வர வேண்டும். ஒரே தடவையில் 10 ஆண்டுக்குமேல் கட்ட முடியாது. கட்டத் தவறினால் சில நாள் தவணை உண்டு. அதுவும் தீர்ந்தால் பெயர் கையை விட்டுப் போய்விடும். வேறு ஒருவர் எடுத்துக் கொள்வார்.

சின்னப் பெயருக்கு ஏன் கிராக்கி?

ஆங்கிலத்தில் 26 எழுத்து. இரண்டு எழுத்துப் பெயர் எத்தனை வைக்கலாம்? 26ஐ 26ஆல் பெருக்கினால் 676. அவ்வளவுதான்! உலகம் முழுவதற்கும் 676 பெயர்கள்.

மூன்று எழுத்து என்றால் 17,576. நான்கு எழுத்து என்றால் 4,56,976. ஐந்து எழுத்து என்றால் 1 கோடியே 18 லட்சத்துக்கு மேல் போய்விடும்.

டாட் காம் வாலில் மட்டும் இன்று 15 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் பதிவாகி இருக்கின்றன. இதில் இரண்டு, மூன்று எழுத்துப் பெயர்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. நான்கு எழுத்துப் பெயர்களும் 2007ஆம் ஆண்டில் தீர்ந்தன.

ஒற்றை எழுத்துப் பெயர் இன்னும் அபூர்வம். 1993ஆம் ஆண்டில் அவற்றைப் பதிவு செய்ய முடியாதபடி நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முன் பதிவானவை மட்டும் தப்பின. டாட் காமில் கியூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்றுதான். இசட் டாட் காம் பெயரை நிஸ்ஸான் மோட்டார் கம்பெனி வைத்திருந்தது. 2014ஆம் ஆண்டில் ஜப்பானின் ஜி.எம்.ஓ. இன்டர்நெட் கம்பெனி அதை 80 கோடி யென் கொடுத்து வாங்கியது.

கடற்கரையில் இருக்கும் மனை எத்தனை? அவ்வளவுதானே இருக்கும். அதுபோலத்தான் இதுவும். புதிதாக ஒன்றை உண்டாக்க முடியாது. ஆகவே விலை ஏறுகிறது.

எழுத்திலும் உயர்வு தாழ்வு

எழுத்துக் குறைந்தால் விலை ஏறும். ஆனால் அது மட்டுமே கணக்கு அல்ல.

ஐந்து எழுத்துப் பெயர் ஒன்று, எப்.பி.யைவிட அதிக விலைக்குப் போயிருக்கிறது! "வாய்ஸ் டாட் காம்" என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டில் 3 கோடி டாலர். "சாட் டாட் காம்" 2023ஆம் ஆண்டில் 1 கோடியே 55 லட்சம் டாலர். வாய்ஸ் என்றால் குரல். சாட் என்றால் அரட்டை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். அர்த்தம் உள்ள சொல்லுக்குத் தனி மதிப்பு.

எண்ணுக்கும் மதிப்பு உண்டு. "360 டாட் காம்" என்ற பெயர் 2015ஆம் ஆண்டில் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. வாங்கியது சீனக் கம்பெனி.

அந்த 2015ஆம் ஆண்டில் சீன வியாபாரிகள் சின்னப் பெயர்களைக் கூடை கூடையாக வாங்கினார்கள். ஏ, இ, ஐ, ஓ, யு, வி ஆகிய ஆறு எழுத்தும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்றார்கள். ஏன்? சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது அந்த ஆறில் தொடங்குவது மிகக் குறைவு. சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துச் சுருக்கப் பெயர் வைப்பவர்களுக்கு அந்த ஆறும் பயன்படாது. உச்சரிக்கவே முடியாத நான்கெழுத்துப் பெயர்கள்கூடத் திடீரென்று விலை ஏறின. "இனி இறங்காது" என்று பலர் வாங்கிக் குவித்தார்கள். 2016ஆம் ஆண்டில் அலை திரும்பியது. விலை சரிந்தது. கடைசியில் வாங்கியவர் தலையில் துண்டு!

ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குவதால் மட்டும் ஏறும் விலை நிற்காது. பெயரைத் தம் தொழிலுக்கு வைத்துக்கொள்பவர் வந்தால்தான் விலை நிற்கும்.

வாலை மறந்தவர் பட்ட பாடு

அமெரிக்காவில் "ஓவர்ஸ்டாக்" என்ற வியாபாரக் கம்பெனி இருந்தது. நீளமான பெயராக இருக்கிறதே, சுருக்குவோம் என்று அதன் அதிபர்கள் எண்ணினார்கள். டாட் கோ என்பது கொலம்பியா நாட்டின் வால். 2010ஆம் ஆண்டில் அந்த வால் உலகத்தாருக்கெல்லாம் திறந்து விடப்பட்டது. "ஓ டாட் கோ" என்ற ஒற்றை எழுத்துப் பெயரை 3 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள்.

2011ஆம் ஆண்டில் கம்பெனியின் பெயரையே ஓ டாட் கோ என்று மாற்றி விளம்பரம் செய்தார்கள். ஒரு பெரிய விளையாட்டு மைதானத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். நடந்தது என்ன?

விளம்பரத்தைப் பார்த்த ஜனங்கள் வீட்டுக்குப் போய் "ஓ டாட் காம்" என்று தட்டினார்கள். அப்படி ஒரு முகவரியே இல்லை! வாடிக்கைக்காரர் வாசலைத் தேடி அலைந்தார். அதே ஆண்டில் கம்பெனி பழைய பெயருக்கே திரும்பிவிட்டது.

பல ஆண்டுப் பழக்கத்தால், பெயரைக் கேட்டதும் மக்கள் வாயில் டாட் காம்தான் வருகிறது. வேறு வால் உள்ள பெயரை வாங்குகிறவர், "தவறி வேறு வாசலுக்குப் போகிறவர் எத்தனை பேர்?" என்று கேட்டுக் கொள்ள வேண்டும். அந்த நஷ்டத்தைக் கழித்துத்தான் விலை போட வேண்டும்.

தீவுகளுக்கு அடித்த யோகம்

இரண்டு எழுத்து வால் எல்லாம் நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உரியவை. இந்தியாவுக்கு இன். பசிபிக் கடலில் துவாலு என்ற குட்டித் தீவு நாடு இருக்கிறது. பரப்பு 26 சதுர கிலோமீட்டர்தான். அதற்குக் கிடைத்த வால் டி.வி.! டெலிவிஷன் கம்பெனிகளுக்குக் கசக்குமா? அந்த வாலை நடத்தும் உரிமைக்கு 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் வந்த பணத்தைக் கொண்டு துவாலு 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது.

கரீபியன் கடலில் அங்குவில்லா என்ற தீவு. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் வால் ஏ.ஐ. செயற்கை அறிவு என்பதற்கு ஆங்கிலச் சுருக்கமும் ஏ.ஐ. தான்! 2022ஆம் ஆண்டில் அந்த வாலில் 1 லட்சத்து 44 ஆயிரம் பெயர்கள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் 3 லட்சத்து 54 ஆயிரம் ஆயின. அந்த ஆண்டில் தீவின் அரசாங்கத்துக்கு இதில் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் டாலர் வந்தது. மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்!

ஆகவே டாட் காமுக்கு மட்டுமே மதிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. செயற்கை அறிவுத் தொழில் செய்பவருக்கு ஏ.ஐ. வால் பொருத்தம். அதே வாலில் மளிகைக் கடைப் பெயரை வைத்தால் யார் வாங்குவார்?

நாட்டு வாலில் ஆபத்து

நாட்டு வாலுக்கு அந்த நாட்டுச் சட்டம்தான் சட்டம்.

லிபியாவின் வால் எல்.வொய். ஆங்கிலத்தில் பல சொற்கள் இந்த இரண்டு எழுத்தில் முடியும். அதனால் சின்னப் பெயர்களை அந்த வாலில் பலர் வாங்கினார்கள். 2010ஆம் ஆண்டில் இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை லிபியா நிறுத்திவிட்டது. எங்கள் சட்டத்துக்கு விரோதம் என்றது. நான்கு எழுத்துக்குக் குறைந்த பெயர்கள் இனி உள்நாட்டாருக்குத்தான் என்றும் சொன்னது.

நாடே மறைந்தால்? யூகோஸ்லாவியா என்ற நாடு பிரிந்து போயிற்று. அதன் வாலான ஒய்.யு. 2010ஆம் ஆண்டில் அடியோடு எடுக்கப்பட்டது.

ஐ.ஓ. என்ற வால் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மிகவும் பிடித்தது. அது இந்து மகா சமுத்திரத்தில் உள்ள சாகோஸ் தீவுகளுக்கு உரியது. அந்தத் தீவுகளின் ஆட்சி உரிமையை மொரீஷியசிடம் ஒப்படைப்பதற்கு 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பெயர் வைத்திருப்பவர்கள், "நம் வால் என்ன ஆகும்?" என்று கவலைப்பட்டார்கள்.

எங்கோ ஒரு மூலையில் நடக்கும் அரசியல், இங்கே ஒருவர் வாங்கிய பெயரின் விலையை அசைக்கிறது. மதிப்பிடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

புதிய வால்கள்

2014ஆம் ஆண்டு முதல் புதிய வால்கள் ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டன. தமிழ் எழுத்திலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற நாட்டு வால்களும் இருக்கின்றன. பெயர் வைக்க இடம் நிறைய இருக்கிறது.

இடம் நிறைய இருந்தால் விலை என்ன ஆகும்? இறங்கும். மேலும் புதிய வால்களில் நல்ல சின்னப் பெயர்களை நடத்துகிறவர்களே எடுத்து வைத்து, உயர்ந்த கட்டணம் விதிக்கிறார்கள். சில பெயர்களுக்கு முதல் ஆண்டில் மட்டும் அல்ல, ஒவ்வோர் ஆண்டும் அந்த உயர்ந்த கட்டணம்தான்! வாங்குமுன் "அடுத்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்காதவர் பிறகு கையைப் பிசைய வேண்டியதுதான்.

மதிப்பிடுவது எப்படி?

ஐந்து கேள்வி போதும்.

1. பெயரைப் போனில் ஒரு தடவை சொன்னால், கேட்டவர் பிழையின்றி எழுதுவாரா? ஓ என்ற எழுத்தும் சைபரும் குழப்பும். எம்.மும் என்.னும் காதில் ஒன்றுபோல் விழும். குழப்பம் உள்ள பெயருக்கு விலை குறைவு.

2. அந்தப் பெயர் எந்தத் தொழிலுக்குப் பொருந்தும்? அந்தத் தொழிலில் பணம் புழங்குகிறதா?

3. அதே பெயரை வேறு வால்களில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? அவர்கள் தொழில் நடத்துகிறார்களா? அவர்கள்தான் நாளைக்கு வாங்கக் கூடியவர்கள். ஒருவரும் இல்லை என்றால் யாரிடம் விற்பது?

4. அதே வாலில், அதே நீளத்தில், அதே தரத்தில் உள்ள பெயர்கள் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றன? "டாட் காம் நூறு என்றால் டாட் நெட் பத்து" என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணக்கு உதவாது. அந்த வாலில் நடந்த விற்பனையையே பார்க்க வேண்டும்.

5. இன்றைக்கே விற்றுத் தீர வேண்டும் என்றால் இன்னொரு வியாபாரி என்ன கொடுப்பார்? இதுதான் அடிமட்ட விலை. பெயர் தேவைப்படும் கம்பெனி கொடுப்பது வேறு விலை. அது பல மடங்கு இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனி நாளைக்கு வரலாம், பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம்.

கேட்ட விலை விலை அல்ல

சந்தையில் மாட்டுக்கு லட்ச ரூபாய் சொல்பவர் உண்டு. சாயங்காலம் அதே மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார். சொன்னது லட்சம், கிடைத்தது பூஜ்யம்.

பெயர்ச் சந்தையும் அப்படித்தான். பலகையில் போட்டிருக்கும் விலை, விற்கிறவரின் ஆசை. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லும் விலையும் உத்தேசம்தான். பணம் கைமாறிய விலை ஒன்றே விலை. அதிலும் பெரிய விற்பனைதான் பத்திரிகையில் வருகிறது. விற்காமல் கிடக்கும் பெயரைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்?

ஒரு கணக்கு. ஒருவர் 100 பெயர் வைத்திருக்கிறார். ஆண்டுக் கட்டணம் பெயருக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு ஒரு பெயர்தான் விற்கிறது. அந்த ஒன்று 1 லட்சத்துக்குமேல் போனால்தான் லாபம். 40 ஆயிரத்துக்கு விற்றால், "40 ஆயிரம் சம்பாதித்தேன்" என்று ஊரில் சொல்லலாம். உண்மையில் 60 ஆயிரம் நஷ்டம்! இரண்டு ஆண்டு ஒன்றும் விற்காவிட்டால் 2 லட்சம் போயிற்று. வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.

அடுத்தவர் பெயரைத் தொடாதே

பிரபல கம்பெனியின் பெயரை முந்திக்கொண்டு பதிவு செய்து, பிறகு அவர்களிடமே விற்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வியாபாரம் அல்ல, வம்பு.

இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்க்க 1999ஆம் ஆண்டிலேயே உலக விதி வந்துவிட்டது. பெயர் பிறருடைய வியாபாரச் சின்னத்தை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் பயன்படுத்துகிறார் என்று மூன்றும் ரூபிக்கப்பட்டால் பெயர் பறிபோகும். நம் நாட்டிலும் வியாபாரச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2004ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

பிறர் உழைத்துத் தேடிய பெயரில் பங்கு கேட்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவது வக்கீல் செலவுதான்.

ஜாக்கிரதை!

இன்னும் ஒரு கண்ணி உண்டு. பெயர் வைத்திருப்பவருக்கு ஒரு கடிதம் வரும். "உங்கள் பெயரைப் பெரிய விலைக்கு வாங்கத் தயார்" என்று தேனாக எழுதியிருக்கும். இரண்டு கடிதம் போய் வந்ததும், "மதிப்புச் சான்று வேண்டும். இன்ன இடத்தில் வாங்கி அனுப்புங்கள்" என்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணத்தைக் கட்டிச் சான்றை அனுப்பினால், வாங்க வந்தவர் மறைந்து போவார். சான்று கொடுத்தவரும் வாங்க வந்தவரும் ஒரே ஆள்!

உண்மையாக வாங்குகிறவர், விற்பவரைச் செலவு செய்யச் சொல்ல மாட்டார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி வேண்டாமா? பெரிய தொகை என்றால், இரு தரப்புக்கும் பொதுவான நம்பிக்கையான மூன்றாம் இடத்தில் பணத்தைப் போட்டு வைத்து, பெயர் மாறிய பிறகு எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அதுவே நல்லது. அந்த மூன்றாம் இடத்தையும் எதிராளி சொன்னபடி ஏற்காமல் விசாரித்து அறிய வேண்டும்.

முதல் பெயர் எது?

தையற்கடை வைத்திருப்பவர், பலகாரம் செய்து விற்கும் பெண்கள், பட்டறை நடத்தும் தம்பி — இவர்களுக்கு ஒரு நல்ல இணையப் பெயர் அவசியம். எளிதான, சொன்னவுடன் புரிகிற பெயராகப் பார்த்து ஒன்று எடுக்கட்டும். கட்டணத்தைக் காலத்தில் கட்டட்டும். தொழில் வளர்ந்தால் பெயரின் மதிப்பும் கூடவே வளரும்.

விற்பதற்கென்றே பெயர் வாங்க விரும்புகிறவர், போனாலும் பரவாயில்லை என்ற அளவுக்குப் பணம் போடலாம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும், மகன் படிப்புக்கு வைத்த பணமும் இதற்கு உரியவை அல்ல.

அமெரிக்க விவசாயிகள் சங்கத்துக்கு 85 லட்சம் டாலர் வந்ததே, அவர்கள் அந்தப் பெயரை விற்பதற்காகவா எடுத்தார்கள்? இல்லை. தங்கள் சங்கத்தின் பெயர் என்று எடுத்தார்கள். தங்கள் வேலைக்காக எடுத்தார்கள். தேவைப்பட்டவர் தேடி வந்தார். நல்ல விலை கொடுத்தார். வராமல் இருந்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.